சுண்டினால் பேசும் பலகை

"நகமா, சதையா?"

சென்னையிலிருந்து ஹவுரா மெயிலில் ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர் வந்தவனிடம் மிஸ்திரி கேட்ட முதல் கேள்வி இது. எனக்கு விளங்கவில்லை. அவர் வலது கையைத் தூக்கிக் கட்டைவிரல் நகத்தைக் காட்டினார். பிறகு விரல் நுனியின் சதையைக் கிள்ளிக் காட்டினார். "உங்க பொண்ணு எதால வாசிக்கிறா?"

"சதையாலதான். நகம் வளர்க்க மாட்டா. கடிச்சிடுவா."

அவர் சிரிக்கவில்லை. நாடி பிடித்த வைத்தியர்போலத் தலையாட்டிவிட்டு, சுவரோரம் நூல் கட்டி அடுக்கியிருந்த ஆறு ஜோடிப் பலகைகளில் இரண்டை உருவித் தள்ளி வைத்தார். மகளின் நகம் கடிக்கும் பழக்கத்தால் இரண்டு மரங்கள் போட்டியிலிருந்து விலகிவிட்டன என்பது பிறகுதான் புரிந்தது.

இவ்வளவு தூரம் வந்ததற்குக் காரணம் ஒரு பழைய கிட்டார். மகள் கல்லூரியில் சேர்ந்தபோது வாங்கித் தந்தது. எந்தக் கம்பெனி என்பது இப்போது வேண்டாம். இரண்டே வருஷத்தில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் ஒரு ஓரம் எழும்பி நின்றது. பழுது பார்க்க எடுத்துப்போன கடையில் ஒரு பையன் ஒலித்துளையின் விளிம்பில் டார்ச் அடித்துக் காட்டினான். மசால் தோசை மடிப்புபோல அடுக்கடுக்காகப் பிளைவுட். "கோந்து விட்டுப்போச்சு சார், ஒட்டிடலாம். பிளைவுட் சீக்கிரம் உடையாது. ஆனா பேசாது" என்றான்.

பேசுகிற பலகை எது, அதை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று அன்றைக்கு விசாரிக்கத் தொடங்கினேன். விசாரணை கொல்கத்தாவில் போய் நின்றது.

*

ஹவுரா நிலையத்திலிருந்து வெளியே வந்தவன் பாலத்தில் ஏறாமல் படித்துறைக்கு இறங்கினேன். ஆவணி மாதத்து ஹூக்ளி பால் குறைவாக விட்ட டீயின் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. 1943-இல் திறந்த அந்த இரும்புப் பாலத்தைப் படகிலிருந்து அண்ணாந்து பார்ப்பதுதான் மரியாதை என்று பட்டது. ஆர்மேனியன் காட்டில் இறங்கினேன். படித்துறைக்கு வங்காளியில் காட். மரத்துக்கும் காட் என்றே என் காதில் விழுந்தது. வங்காளிகள் இரண்டையும் வேறு வேறு ஒலியில் சொல்கிறார்கள். தமிழ் எழுத்தில் எழுதினால் வேற்றுமை இல்லை. என் காதுக்கும் கடைசிநாள்வரை வரவில்லை.

படாபஜாரின் மூட்டைகளுக்கும் தலைச்சுமைக்காரர்களுக்கும் வழிவிட்டு வழிவிட்டு, லால்பஜார் போலீஸ் தலைமையகத்துக்குப் பக்கத்தில் ரவீந்திர சரணியைப் பிடித்தேன். பழையவர்கள் நாவில் அது இன்னும் சித்பூர் ரோடு. இதே சாலையில் வடக்கே போனால் தாகூர் பிறந்த ஜோராசாங்கோ, அதற்கும் அப்பால் களிமண்ணில் துர்க்கை செய்யும் குமர்துலி. தெற்கு முனையில் வாத்தியக் கடைகள். தபலா, சிதார், ஹார்மோனியம், கல்யாண பேண்டுக்கான பித்தளைக் குழல்கள், இவற்றுக்கு நடுவே கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கிட்டார்கள். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்து, "ஆஷுன், தாதா!" என்றார். நம்மூரில் தாதா என்றால் ஒதுங்கிப் போக வேண்டும். இங்கே அண்ணன் என்றால் உள்ளே போக வேண்டும். போனேன்.

என் வயதுக்காரர்களுக்கு இந்த ஊர் அந்நியமில்லை. எண்பதுகளில் எங்கள் கல்லூரி விடுதியில் ஒருவன் வைத்திருந்த கிவ்சன் கிட்டார் இந்த ஊர்ச் சரக்குதான். அறைக்கு அறை கைமாறி, யார் வாசித்தாலும் ஒரே பாட்டு வாசித்த கிட்டார் அது. வங்காளத்துக்கோ கிட்டார் அதற்கும் வெகுகாலம் முன்பே சொந்தமாகிவிட்டது. ஹவாய் இசையை ஊர் ஊராகக் கொண்டுபோன சமோவாக் கலைஞர் டாவ் மோ, 1940களில் குடும்பத்தோடு கல்கத்தாவில் தங்கியிருந்தார். மடியில் கிடத்தி, தந்தியின் மேல் உலோகத் துண்டை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிட்டார் இங்குள்ள நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது. கவிஞர் நஸ்ருல் இஸ்லாமின் மகன் காஜி அனிருத்தா, சுனில் கங்குலி, பட்டுக் நந்தி ஆகியோர் அதில் வங்காளப் பாட்டுகளை வாசித்துப் புகழ்பெற்றார்கள். வழுக்கினால் கமகம் வரும், கமகம் வந்தால் நம் பாட்டு வரும், வேறென்ன வேண்டும்? பின்னால் தேபாஷிஷ் பட்டாச்சாரியா அதையே இருபத்துநான்கு தந்திகளோடு 'சதுரங்கி' என்று வடிவமைத்தார். 1992-இல் 'தொமாகே சாய்' என்ற கேசட்டோடு சுமன் சட்டோபாத்யாய் வந்தபிறகு, கிட்டாரை நிமிர்த்தி அணைத்துப் பாடுவதும் வங்காளிகளின் பழக்கமாகிவிட்டது.

அந்தக் கடைக்காரர் விலைப்பட்டியலை நீட்டவில்லை. நான் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டு, ஒரு பையனைக் கூட அனுப்பினார். சந்துக்குள் சந்து, அதற்குள் ஒரு மாடிப்படி. மேலே, மரத்தூளும் சாராய வாசனையும் கலந்த ஒரு நீள அறை. நகமா சதையா என்று கேட்டவர் அங்கேதான் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார்.

*

எங்களுக்கிடையே மொழி, உடைந்த இந்தி, அதைவிட உடைந்த ஆங்கிலம், மிச்சத்துக்குக் கைச்சாடை. அவருடைய அப்பா சிதார் செய்தவர். இவர் சிதாரில் தொடங்கி கிட்டாருக்கு வந்தவர். ரவிசங்கருக்குச் சிதார் செய்த நோது மல்லிக், விலாயத் கானும் நிகில் பானர்ஜியும் வாசித்த சிதார்களைச் செய்த ஹிரேன் ராய், அலி அக்பர் கானின் சரோதுகளைச் செய்த ஹேமேன் சென் எல்லோரும் இந்த ஊர்க்காரர்கள். அந்தப் பெயர்களை உச்சரிக்கும்போதெல்லாம் மிஸ்திரி காதுமடலைத் தொட்டுக்கொண்டார்.

மிச்சமிருந்த நான்கு ஜோடிகளையும் பாயில் பரப்பினார். ஒவ்வொன்றும் ஒரு முழத்துக்குச் சற்று அதிக நீளம், ஒரு சாண் அகலம், பென்சிலின் பாதிக் கனம். ஒரே பலகையை ஊடே கீறி, புத்தகத்தை விரிப்பதுபோல விரித்து நடுவில் ஒட்டினால் அதுதான் கிட்டாரின் மேற்பலகை. இடப்பக்கத்து ரேகையின் நிழல்போல வலப்பக்கத்து ரேகை.

முதல் ஜோடி, ஜெர்மன் ஸ்ப்ரூஸ். ஆல்ப்ஸ் மலைப்பக்கத்து மரம். தயிர் ஆடையின் வெண்மை. இரண்டாவது, வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் அலாஸ்கா வரை வளரும் சிட்கா ஸ்ப்ரூஸ். லேசாகச் சிவப்போடிய சந்தன நிறம். மூன்றாவது, அதே கரையின் செஞ்சீடர், பனைவெல்லப் பழுப்பு. நான்காவது, நம் நாட்டுத் துன் மரம், செங்கல் சிவப்பு.

ஜெர்மன் பலகையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். "எண்ணுங்க."

தலைவாரிய மாதிரி நேர்நேராக இறங்கும் ரேகைகள். ஒரு வெளிர் வரியும் ஒரு கரு வரியும் சேர்ந்தால் மரத்துக்கு ஒரு வருஷம். அவருடைய அடிக்கோலை வைத்து ஒரு அங்குலத்துக்கு எண்ணினேன். இருபது. என் மகளின் வயது. அவள் பிறந்தது முதல் நான் பட்ட பாடெல்லாம் அந்தப் பலகையில் ஒரு அங்குலம். எட்டு அங்குல அகலத்துக்கு நூற்று அறுபது வருஷம். பலகைக்குள் வராத நடுத்தண்டையும் சேர்த்தால் மரம் அதைவிடக் கிழம். குளிரில் மெல்ல வளர்ந்ததால்தான் ரேகை இத்தனை நெருக்கம். வட்டக் கேக்கைத் துண்டு போடுவதுபோல மரத்தை மையம் நோக்கி அறுத்தால்தான் ரேகைகள் இப்படிப் பலகைக்குச் செங்குத்தாக நிற்கும். மாற்றி அறுத்தால் ஈரத்துக்கும் வெயிலுக்கும் பலகை அப்பளமாக வளையும்.

இன்னொன்றும் சொன்னார். இரு பாதிகளை ஒட்டும்போது, பட்டைப் பக்கம் இருந்த நெருக்கமான ரேகைகளை நடுவில் சேர்ப்பார்கள். ஆகவே கிட்டாரின் நடுவில் இருப்பது மரத்தின் முதுமை. இரண்டு ஓரங்களிலும் இருப்பது அதன் இளமை.

நான் அந்த வெள்ளைப் பலகையை அப்போதே மனதுக்குள் வாங்கிவிட்டேன்.

*

"கண்ணால பார்த்தாச்சா? இப்போ காது."

மேல் விளிம்பிலிருந்து கால் பங்குக்குச் சற்றுக் குறைவான இடத்தில், ஓரமாக, இரண்டே விரலால் பலகையைத் தொங்கவிட்டுப் பிடித்தார். அந்த இடம்தான் பலகை அதிரும்போது அசையாமல் நிற்கும் இடமாம். அங்கே பிடித்தால் அதிர்வு சாகாது. மறுகை விரலை மடக்கி நடுவில் ஒரு சுண்டு சுண்டினார்.

டிங் என்றும் இல்லை, டங் என்றும் இல்லை. தூரத்துக் கோயிலில் மணியடித்து ஓய்ந்தபின் மிச்சமிருக்குமே, அப்படி ஒரு நீட்டம். முழத் துண்டு மரத்திலிருந்து வரக்கூடிய ஓசையாகவே அது இல்லை.

எனக்கு அம்மாவின் ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முன்னால் பானைக்காரர் வண்டியை நிறுத்தினால், அம்மா ஒவ்வொரு பானையாகக் காதருகே தூக்கிச் சுண்டிப் பார்ப்பாள். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் பானை 'டொக்' என்று காட்டிக்கொடுத்துவிடும். "கண்ணை நம்பாதடா, சுண்டிப் பாரு" என்பாள். அந்தக் காலத்து வெள்ளி ரூபாயை நல்லதா கள்ளதா என்று அறிந்ததும் சுண்டித்தான். மிஸ்திரியிடம் இதைச் சைகையில் சொல்லி முடித்தபோது முதன்முறையாகச் சிரித்தார். "அம்மா கெட்டிக்காரி. இங்கே கீறலை மட்டும் கேட்கல. மரம் எவ்வளவு நேரம் நம்ம சுண்டலை ஞாபகம் வச்சிருக்குன்னும் கேட்கிறோம்."

அடுத்துப் பலகையை இரு கையாலும் பிடித்து, நீளவாக்கில் ஒருமுறை, குறுக்கில் ஒருமுறை மெல்ல வளைத்துக் காட்டினார். என் கையிலும் தந்தார். நீளவாக்கில் இரும்பு, குறுக்கில் அட்டை. கையில் வைத்தால் கனமே தெரியவில்லை. மேற்பலகைக்கு வேண்டியது இந்த முரண்தான்: வளையவும் கூடாது, கனக்கவும் கூடாது. கனத்தால் தந்தியின் சின்ன நடுக்கத்துக்கு அசையாது. வளைந்தால் இழுவை தாங்காது. ஆறு எஃகுத் தந்திகள் சேர்ந்து இழுக்கும் இழுவை எழுபது கிலோவுக்கும் மேல். வளர்ந்த ஓர் ஆள் ஓயாமல் தொங்குவதற்குச் சமம். அதைத் தாங்குவது மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாக இழைத்த ஒரு பலகையும், அதன் வயிற்றில் ஒட்டிய சில சட்டங்களும்.

ஸ்ப்ரூஸில் இந்த இரண்டும் கூடி வந்திருக்கின்றன. அதன் ரேகை வழியே ஒலி நொடிக்கு 5,000 மீட்டருக்கு மேல் பாய்கிறது. காற்றில் அது 340 மீட்டர்தான். கனமில்லாத கெட்டி வேண்டுமென்று தேடிய இன்னொரு கூட்டமும் இதே மரத்தில் வந்து நின்றது. 1903-இல் ரைட் சகோதரர்கள் பறக்கவிட்ட விமானத்தின் சட்டங்களும், இரண்டாம் உலகப் போரில் பறந்த மஸ்கிட்டோ விமானத்தின் பாகங்களும் ஸ்ப்ரூஸ்தான். பறக்க வேண்டியதும் பாட வேண்டியதும் ஒரே மரத்தைக் கேட்டிருக்கின்றன.

செஞ்சீடர் பலகையைச் சுண்டினார். ஸ்ப்ரூஸின் மணியோசை இல்லை. பக்கத்து அறையில் யாரோ தாழ்ந்த குரலில் 'ம்ம்' கொட்டியதுபோல ஒரு வெதுவெதுப்பு. 1960களில் மாட்ரிட்டின் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் துணிந்து எடுத்த பிறகுதான் இது பெரிய கச்சேரி மேடைகளுக்கு வந்தது. மிருதுவான மரம், நகம் பட்டால் தழும்பாகிவிடும். ஆனால் மெல்லிய தொடலுக்கும் உடனே வாய் திறக்கும். ஸ்ப்ரூஸ் புதுமருமகள் மாதிரி, பேசப் பேசத்தான் திறக்கும், வருஷக்கணக்காகும் என்பது வாசிப்பவர்களின் அனுபவம். பிளெக்ட்ரத்தால் அடித்து வாசிப்பவர்களுக்கு முறுக்கான ஸ்ப்ரூஸ். நகம் கடிக்கும் பெண்ணுக்கு? தள்ளி வைத்த இரண்டு ஜோடிகளும் கெட்டியான சிட்கா என்று அப்போது சொன்னார்.

*

தஞ்சாவூர்க்காரன் நான், இவ்வளவு நேரம் சும்மா இருந்ததே அதிகம். "பலா ஏன் கூடாது?" என்று கேட்டேவிட்டேன். வீணைக்குக் குடம் குடைவது பலாவில். மிருதங்கக் கட்டைக்குப் பண்ருட்டிப் பலா. எங்களுக்கு நாதம் என்றாலே பலா.

"காட்டாலா?" என்றார் ஆச்சரியமாக. வங்காளியில் பலாவின் பெயர் அது. மூலையிலிருந்து ஒரு மஞ்சள் துண்டைத் தேடி எடுத்து, மற்றப் பலகைகளின் கனத்துக்கு அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு என்னையே சுண்டச் சொன்னார். நல்ல, கெட்டியான, குட்டையான ஓசை. கதவைத் தட்டியதும் "யாரு?" என்று கேட்டு நிறுத்திக்கொள்வதுபோல.

பிறகு கீழே கிடந்த தபலா ஒன்றை எடுத்து, அதன் கட்டையைத் தட்டினார், தோலைத் தட்டினார். "உங்க மிருதங்கத்துல பேசுறது எது?"

"தோல்."

"கட்டை?"

"தோலைத் தாங்குது. வாரை இழுத்தா விட்டுக்கொடுக்காம நிக்குது."

"கிட்டார்ல தோல் கிடையாது, தாதா. இந்தப் பலகைதான் தோல்."

நாற்பது வருஷம் கச்சேரி கேட்டும் எனக்குத் தோன்றாத விஷயம். சரோதுக்கு முகத்தில் உண்மையான ஆட்டுத்தோல். சிதாருக்கு, சுரைக்குடத்தை மூடிய 'தப்லி' என்ற மரப்பலகை. கிட்டாருக்கு இது. வீணையின் குடத்தை மூடியிருப்பதும் பலகைதானே என்று சொல்ல வாயெடுத்தேன். அவரே முந்திக்கொண்டார். வீணையில் ஓசையை இழுத்து இழுத்து வளைக்க வேண்டும், அது வேறு கணக்கு என்றார். ஒரு மரம் உயர்த்தி, ஒரு மரம் தாழ்த்தி என்பதில்லை. எந்த இடத்தில் நிற்கப்போகிறது என்பதுதான் கேள்வி.

1862-இல் ஸ்பெயினின் அந்தோனியோ தெ தோரெஸ் இதை விளையாட்டாகவே நிரூபித்துவிட்டார். ஒரு கிட்டாரின் முதுகையும் விலாவையும் காகிதக் கூழ் அட்டையில் செய்து, மேற்பலகையை மட்டும் நல்ல ஸ்ப்ரூஸில் போட்டார். அட்டைக் கிட்டார் பாடியது. இப்போதும் அது பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அப்படியானால் துன்? மிஸ்திரி குழந்தையைத் தூக்குவதுபோல அந்தச் சிவப்புப் பலகையைத் தூக்கினார். அப்பா காலத்திலிருந்து தப்லிக்கு வந்துகொண்டிருக்கும் மரம். நம் வேம்பின் குடும்பம். ஸ்பானிய கிட்டார்களின் கழுத்துக்கு வழிவழியாகப் போடும் செட்ரெலா மரமும் இதற்கு நெருங்கிய சொந்தம். தாவரவியலார் ஒருகாலத்தில் இரண்டையும் ஒரே பேரினமாக வைத்திருந்தார்கள். மேற்பலகைக்குச் சற்றுக் கனம் அதிகம். மெலிதாக இழைக்க வேண்டும், இழைத்தால் குரல் கொஞ்சம் உள்ளே அடங்கும். ஆனால் ஹவாயன் கிட்டார்க்காரர்களில் சிலர் இதைத்தான் கேட்பார்களாம். "சிதார் வீட்டுக் குரல்" என்றார்.

*

மறுநாள் நல்ல மழை. இப்படிப்பட்ட நாளில் பசை தொட மாட்டேன் என்று மிஸ்திரி கைவேலையை மூடிவிட்டார். மழைக்காலத்துக் கொல்கத்தாக் காற்றில் ஈரப்பதம் எண்பது சதவீதத்தைச் சாதாரணமாகத் தாண்டும். கிட்டார் வேலைக்கு நாற்பத்தைந்து, ஐம்பதுதான் உகந்தது. ஈரத்தில் உப்பியிருக்கும் பலகையை ஒட்டிவிட்டால், வறண்ட ஊரில் அது சுருங்கி நடுவில் பிளக்கும். மூலையில் ஒரு மர அலமாரிக்குள் குண்டு பல்பு எரிந்துகொண்டிருந்தது. அதுதான் பலகைகளின் உலர்பெட்டி.

மூன்று மணிவாக்கில் மழை விட்டதும் என்னை நிம்தலாவுக்கு அழைத்துப்போனார். நிம்தலா என்றால் வேப்பமரத்தடி. நதியோரம் நீளத்துக்கு மரவாடிகள். தேக்கு, சால் கட்டைகள் மழையில் கறுத்து அடுக்கிக் கிடக்கின்றன. ரம்பத்தின் ஓலம். புது மரத்தைவிடப் பழைய மரத்துக்குத்தான் மிஸ்திரியின் கண் போனது. வடகொல்கத்தாவின் பழைய மாளிகைகளை இடிக்கும்போது, கூரையைத் தாங்கிய 'கொடி-பர்கா' உத்தரங்கள் இறங்கும். பெரும்பாலும் பர்மாத் தேக்கு. ஒரு காலத்தில் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்தவை. நூறு வருஷம் கூரைக்கடியில் காய்ந்த மரத்துக்கு இனி சுருங்கவோ உப்பவோ ஆசையிருக்காது. சரோதின் உடலுக்கும் சிதாரின் கழுத்துக்கும் அதைவிட நல்ல தேக்கு கிடைப்பது கஷ்டம் என்றார். ஓர் உத்தரத்தின் தலையில் காதை வைத்துக்கொண்டு, மறுதலையில் என்னைத் தட்டச் சொன்னார். ஆணியடித்த துளைகளோடு கிடந்த அந்தக் கட்டைக்குள் தட்டு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று எனக்குக் கேட்கவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

மரவாடிக்குப் பக்கத்திலேயே புகை. நிம்தலா படித்துறை நகரத்தின் பெரிய சுடுகாடுகளில் ஒன்று. 1941 ஆகஸ்டில் தாகூரை எரித்த இடம். விறகுக் கட்டைகள் தராசில் ஏறிக்கொண்டிருந்தன. இப்போது மின்தகனமும் உண்டு. காட், காட் என்று இரண்டு நாளாக நான் குழப்பிக்கொண்டிருந்த இரண்டு சொற்களும், படித்துறையும் மரமும், இங்கே பக்கத்தில் பக்கத்தில் நின்றன. தமிழன் காதில் விழும் மூன்றாவது காடும் இங்கேயே இருந்தது. ஒரே வண்டியில் வந்திறங்கும் மரத்தில் எது எந்தப் பக்கம் போகும் என்பதை யாரோ ஒருவருடைய கை தீர்மானிக்கிறது. மிஸ்திரி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மண்குடுவையில் டீ வாங்கித் தந்தார். குடித்துவிட்டு அதை உடைக்க மனமில்லாமல் சுண்டிப் பார்த்தேன். நல்ல குடுவை.

*

திரும்பி வந்ததும் பரீட்சை. "கண்ணை மூடிக்குங்க" என்றார்.

முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். நான்கு பலகைகளையும் வரிசை மாற்றி மாற்றிச் சுண்டினார். தெருவில் ரிக்‌ஷாவின் மணி, மேலே காற்றாடியின் கிரீச். இவற்றுக்கிடையே நான்கு குரல்கள். மகள் ராத்திரி பதினொன்றுக்கு மேல், நாங்கள் தூங்கிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு, மாடியில் மெதுவாக வாசிப்பாளே, அந்த வாசிப்புக்கு எந்தக் குரல் என்று மட்டும் யோசித்தேன். மூன்று சுற்றிலும் ஒரே குரலுக்குத்தான் கை தூக்கினேன்.

திரும்பிப் பார்த்தால், என் வெள்ளை ஜெர்மன் இல்லை. செஞ்சீடர். அதுவும் நான் முந்தின நாளிலிருந்து கண்ணாலேயே ஒதுக்கி வைத்திருந்த ஜோடி. ஓரத்தில் மை சிந்தியதுபோல ஒரு கருங்கோடு ஓடும் பலகை.

"இதே ஜாதியில கோடு இல்லாதது கிடையாதா?"

"இருக்கு. சுண்டிக் காட்டவா?" என்றார். அவர் குரலிலேயே பதில் இருந்தது. செஞ்சீடருக்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. ஈரத்துக்கு அவ்வளவாக உப்பாது, காய்ச்சலுக்கு அவ்வளவாகச் சுருங்காது. கொல்கத்தாவில் ஒட்டி, தஞ்சாவூர் வெயிலில் வைத்து, சென்னைக் கடற்காற்றில் வாசிக்கப்போகும் கிட்டாருக்கு அது போதிய காரணம்.

முதுகுக்கு ஈட்டி மரம் போடலாம் என்று அவரே சொன்னபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மேற்குமலை மரம்! நாங்கள் தோதகத்தி என்றும் சொல்வோம். பிரேசில் நாட்டு ஈட்டி அருகிப்போனபோது, 1969 வாக்கில் அமெரிக்காவின் மார்ட்டின் கம்பெனியே இந்திய ஈட்டிக்கு மாறியது. அதிலிருந்து உலகத்தின் நல்ல கிட்டார்களில் எத்தனையோ நம் மலையை முதுகில் சுமக்கின்றன. இப்போது அதன் வியாபாரத்துக்குச் சர்வதேசக் கட்டுப்பாடும் உண்டு. நான் நெஞ்சை நிமிர்த்தியதைப் பார்த்து மிஸ்திரி, "மலிவா வேற மரமும் போடலாம். நாலு ஜனத்துல மூணு பேருக்கு வித்தியாசம் தெரியாது" என்றார். ஊர் திரும்பியபின் தேடிப் பார்த்தேன். 2018-இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு வெளியாகியிருக்கிறது. ஒரே மாதிரி மேற்பலகை, முதுகுக்கு மட்டும் ஆறு விதமான மரம் என்று ஆறு கிட்டார்கள். மங்கிய வெளிச்சத்தில், கறுப்புக் கண்ணாடி மாட்டி, 52 பேர் வாசித்துப் பார்த்தார்கள். விலையுயர்ந்த முதுகுக்கென்று யாரும் தனி மதிப்பெண் போடவில்லை. எங்கள் மலைக்குக் கொஞ்சம் வருத்தம்தான். இருந்தாலும் ஈட்டியே போடச் சொன்னேன். அப்பனுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

*

துர்க்கை பூஜை முடிந்து, மார்கழிக் காற்று வறண்ட பிறகுதான் ஒட்டுவாராம். பசைக்கு அவர் சொன்ன பெயர் சிரீஷ். தகர டப்பாவில் கண்ணாடிச் சில்லுபோலக் கிடந்ததை மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது, எங்கள் ஊர்த் தச்சர்களின் வஜ்ஜிரம். மெருகுக்கு அரக்கு. புருலியாப் பக்கத்துக் காட்டில் பூச்சி கட்டுவதைச் சாராயத்தில் கரைத்து, துணிப்பந்தால் நூறு தடவை பூசுவது. மாடிப்படி ஏறும்போது வந்த வாசனையின் ரகசியம் இதுதான்.

கிளம்பும் நாள் காலையில் விடைபெறப் போனேன். கருங்கோட்டுப் பலகை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பொருத்தி, மேலே கிட்டார் வடிவத்து அட்டையை வைத்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தார். இடுப்பு ஒடுங்கும் இடத்திலும் தோளிலும் கோடு வெட்டுக்கு வெளியே போய்விட்டது. கீழே வயிறு அகலும் இடத்தில் மட்டும், இரண்டு பக்கமும் விரல் நீளத்துக்கு உள்ளே தங்கிவிட்டது. புத்தகம் விரித்த பலகை அல்லவா? இந்தப் பக்கம் இருந்தால் அந்தப் பக்கமும் இருக்கும்.

அவர் பலகையை மார்போடு அணைத்து, வாசிக்கிறவர்போல வலது முழங்கையை மேலே போட்டுக் காட்டினார். மேல் பக்கத்துக் கோடு கைக்கடியில் மறைந்தது. இளமையின் ஓரம். அங்கேதான் அவள் கை கிடக்கப் போகிறது.

"கீழே இருக்கறது?" என்று கேட்டேன்.

பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு சுண்டு சுண்டினார். ஓசை அடங்கும்வரை இருவரும் பேசவில்லை.

"அது தெரியத்தான் செய்யும், தாதா" என்றார்.